பறைக்குப் பணம் உண்டு, ஆசானுக்கு இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், குடியிருப்புகளிலும் குப்பங்களிலும் பிள்ளைகளுக்குப் பறை, ஒயிலாட்டம், வீதி நாடகம் சொல்லித்தரும் தொண்டு அமைப்புகளுக்குக் கருவி வழங்கும் விழாக்கள் களைகட்டிவிடும். 20 பறை, 20 ஜோடி சலங்கை, ஒரு பதாகை, ஒரு புகைப்படம். ஐப்பசி மழை வருவதற்குள் அந்தப் பறைகளில் பாதி படிப்பகத்து மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று கொடுத்தவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் போனது ஆர்வம் அல்ல, ஆசான். மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் கல்யாண மேளத்துக்கோ பெயின்ட் வேலைக்கோ போகத்தானே செய்வார்?

கருவிக்குக் கையெழுத்துப் போடும் நிறுவனங்கள் பயிற்றுநர் ஊதியம் என்றதும் "அது நிர்வாகச் செலவு, 5 விழுக்காட்டுக்கு மேல் தர முடியாது" என்கின்றன. இது விதியைத் தவறாகப் படிப்பதால் வரும் வினை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களை முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது அச்சட்டத்தின் 7-ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது. 5 விழுக்காட்டு வரம்பு நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது. ஒரு திட்டத்தை வடிவமைக்கவும் செயல்படுத்தவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. பறை வகுப்பில் ஆசான்தான் திட்டம். அவரை நிர்வாகக் கணக்கில் தள்ளுவது, சமையல்காரரை விட்டுவிட்டு அண்டாவுக்கு மட்டும் பணம் கொடுப்பது போன்றது.

ஒன்றும் பெரிய தொகை அல்ல. வகுப்புக்கு 1,000 ரூபாய், வாரம் 2 வகுப்பு, ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் ஒரு பயிற்றுநருக்கு 80,000 ரூபாய். 12 பேருக்கு ஒருவர் என்பதுதான் தாங்கும் கணக்கு. 20 பேரை ஒருவரிடம் விட்டால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து அடிக்கும். காதால் கேட்டு அடிக்காது. அப்படிப் பழகிய பிள்ளைகள் தனியாக நின்றதும் தாளத்தை விட்டுவிடுவார்கள். 12 பேருக்கு 8 பறை தாராளம். நான்கு பேர் சும்மா இருப்பார்களே என்று கேட்காதீர்கள். குச்சி இல்லாமல் தாளத்தை வாயால் சொற்கட்டாகச் சொல்லி, காலால் அடவு வைப்பதுதான் பாடத்தின் முதல் பாதி. முதல் இரண்டு வாரம் பறையையே தொடாமல் பாயின்மேல் குச்சியைத் தட்டிப் பழகலாம். அக்கம்பக்கத்திலிருந்து புகாரும் வராது.

பறையைக் கையில் எடுத்ததும் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று: தோளிலிருந்து ஓங்கி அடிப்பது. சுமார் 35 செ.மீ. வட்டம்தான், அதற்கு மணிக்கட்டு போதும். வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, இடது கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. சட்டத்தின் மேல்விளிம்பைத் தாங்கிக்கொண்டே சிண்டுக்குச்சியையும் ஆட்ட வேண்டியிருப்பதால் இடக்கைதான் முதலில் சோரும். தோள்நாடாவின் நீளத்தை ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற்றிக் கட்டினாலே பாதி வலி குறையும். கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வந்த பிள்ளை அடுத்த வாரம் வராமல் போவதுண்டு. துணி பிளாஸ்திரி ஒரு சுருள் பையில் இருக்கட்டும். அடி வகைகளில் ஒத்தையடி கையில் நின்ற பிறகுதான் சப்பரத்து அடி, அதற்குப் பிறகுதான் சினிமா அடி. விழா நெருங்குகிறது என்று சினிமா அடியில் ஆரம்பித்தால் கைதட்டல் கிடைக்கும், கை வராது.

பறை கெடுவது பெரும்பாலும் வைக்கும் இடத்தில்தான். மூன்று வில் போன்ற மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்து, மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். எலிக்கு இரண்டுமே தீனி. அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது ஈரம் கோத்துத் தொய்யும். சுவரில் ஆணி அடித்து, தோல் சுவரைத் தொடாமல் மாட்டுங்கள். தொய்ந்த தோல் இறுகத் தீயில் காய்ச்சும்போது வைக்கோலோ காகிதமோ போட்டு, தீநாக்கு தொடாத உயரத்தில் சுற்றிக்கொண்டே பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் ஓரத்தில் வெடிக்கும். நெகிழிக் குப்பையைக் கொளுத்துவதைப் பார்க்கிறோம். புகை பிள்ளைகளின் நெஞ்சில்தான் போய் இறங்கும். மழைக்காலத்தில் காய்ச்சிய அரை மணியில் மறுபடி தொய்ந்துவிடும் என்பதால் பயிற்சிக்குப் பாதிக் கருவி ஃபைபர் தோலாக இருப்பதில் தவறில்லை. ஓசை சற்றுக் கீச்சென்றுதான் இருக்கும். மேடைக்கு மாட்டுத்தோலை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனம் வராது.

"படிக்கிற புள்ள எதுக்குச் சாவு மோளம் அடிக்கணும்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது என்பதும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பல ஆண்டுகளாகப் பறையோடு மேடை ஏறுகிறார்கள் என்பதும் நல்ல பதில்கள்தான். அதைவிட நல்ல பதில், மூன்றாம் வாரமே பெற்றோரை அழைத்து அவர்கள் தெருவிலேயே பத்து நிமிடம் அடித்துக் காட்டுவது. பெண் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்குக் கலையைவிடக் கடிகாரமே பெரிய காரணம். மாலை 4.30-க்குத் தொடங்கி 6.30-க்குள் முடியாத வகுப்பில் 8-ஆம் வகுப்பைத் தாண்டிய பெண்ணைப் பார்ப்பது அரிது. பூட்டுப் போட்ட கழிப்பறையின் சாவி யாரிடம் என்று தெரியாத இடத்திலும் அப்படித்தான்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழு கொஞ்சம் பேர் வாங்கியதும் ஊர்வலத்துக்கும் கட்சி மேடைக்கும் அழைப்பு வரும். காசு பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்கு பிரியாணிப் பொட்டலம் என்பது நடக்கவே கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களை வணிக நிகழ்ச்சிகளில் பங்கேற்க வைப்பதற்குக் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் வரம்பு உண்டு: மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். இரவு நிகழ்ச்சிகளுக்கு 18 வயதுக்குட்பட்டவர்களை அனுப்புவதில்லை என்று அமைப்பே எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பயிற்றுநர் எவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குற்றம். "அமைப்பின் பெயர் கெட்டுவிடும்" என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆகவே நிதி ஒதுக்கும்போது கருவிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, மிச்சத்தை இரண்டு ஆண்டு ஆசான் ஊதியமாக, மாதா மாதம் வங்கி வழியாகத் தாருங்கள். மூலையில் கிடக்கும் பழைய பறைகளையும் தூக்கிப் போட வேண்டாம். மரச்சட்டம் உளுத்துப்போகாமல் இருந்தால் தோலை மட்டும் மாற்றலாம். பழைய தோலை ஊறவைத்து உரித்து, சட்டத்தைச் சுரண்டி, நனைந்த புதுத் தோலை இழுத்து ஒட்டி நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தால் ஓரம் சுருங்கிப் பசை விட்டுவிடும். இதையும் பிள்ளைகளை வைத்தே செய்யலாம். அது ஒரு வார வகுப்பு.

இப்படிக்கு,
பறைப் பயிற்றுநர்கள் சிலர்,
வடசென்னை.