தோட்டாவுக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி வந்த கட்டுரையில், இங்கே தோட்டாவைக்கூட ஆன்லைனில் வரவழைக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. உண்மைதான். டாலஸ் பக்கம் குடியிருக்கும் நானும் அப்படி வரவழைக்கிறவன்தான். செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே புறா வேட்டை சீசன் தொடங்கும். அதற்கு ஷாட்கன் தோட்டா. மற்றபடி ரேஞ்சில், அதாவது துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில், குறி பார்த்துச் சுட 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா. அந்த ஒரு வரிக்குள் நிறைய விஷயம் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் சௌகரியம். அதை மறுக்க முடியாது. ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஒரு தோட்டாவுக்கு, எத்தனை சென்ட் என்று தளங்களில் வரிசைப்படுத்தியே காட்டுகிறார்கள். ஆயிரம் ரவுண்டு ஒரே பெட்டியில் வாங்கினால் கடை விலையைவிடக் குறையும். 2020, 2021 தட்டுப்பாட்டில் கடைகளில் தட்டெல்லாம் காலி. ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டிதான் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். மேற்கு டெக்சாஸில் பண்ணை வைத்திருப்பவருக்கு நல்ல கடை என்றால் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். காட்டுப்பன்றி அதுவரை காத்திருக்காது. அவர் ஆன்லைனில் வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்து 'அந்தரங்கம்' என்கிறார்கள். எங்கள் ரேஞ்சில் பலரும் இதைத்தான் சொல்வார்கள்: வீட்டுக்கே வந்துவிடுகிறது, யாருக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. இந்த வாதம்தான் எனக்குப் புரிவதே இல்லை.

பெட்டி எப்படி வருகிறது என்று பாருங்கள். அமெரிக்கத் தபால் துறை தோட்டாவைத் தொடாது. தபாலில் அனுப்பத் தடை. தனியார் கூரியர்தான். சாதாரண பழுப்பு அட்டைப் பெட்டி, கடைப் பெயர் கிடையாது, பக்கவாட்டில் கறுப்பு வெள்ளையில் ஒரு டைமண்ட் குறி. அபாயப் பொருள், குறைந்த அளவு என்று அதற்கு அர்த்தம். ஹேர் ஸ்பிரே, பெயிண்ட் டப்பா வந்தாலும் அதே குறிதான், குறியை வைத்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் ஆயிரம் ரவுண்டு 9 எம்எம் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டியில் அந்தக் கனம், தூக்கினால் உள்ளே கலகலவென்று ஒரு சத்தம். எங்கள் தெருவுக்கு வரும் டெலிவரிக்காரர் ஒருமுறை அதை வாசலில் வைத்துவிட்டு, "சீசன் எப்படிப் போகிறது?" என்று என்னிடமே கேட்டார்.

சரி, அவருக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். கடைக்காரரிடம் என் பெயர், முகவரி, போன் நம்பர், எந்த அளவுத் தோட்டா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறேன் என்பது வரை எல்லாம் இருக்கிறது. கார்டு கம்பெனியிடம் தொகையும் தேதியும். வாங்கிய மறுவாரமே, வீட்டில் எல்லோரும் உபயோகிக்கும் டேப்லெட்டில் என் பெண் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே துப்பாக்கிப் பெட்டகம், தொலைநோக்கி என்று விளம்பரம் வரிசை கட்டுகிறது. இதே தோட்டாவை டெக்சாஸில் கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து வாங்கினால் பெயரைக்கூட எழுதிக்கொள்ள மாட்டார்கள். என்னைப் போல நரைத்த தலையென்றால் வயதுகூடக் கேட்பதில்லை. ஒன்றும் தெரியக்கூடாது என்று நினைக்கிறவன் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதில் அரசியல் வேறு. கார்டில் பணம் கட்டும்போது அது எந்த வகைக் கடை என்று கார்டு கம்பெனிக்குக் காட்ட ஒரு வணிகக் குறியீடு உண்டு. துப்பாக்கிக் கடைகளுக்கென்று தனியாக ஒன்று, 5723 என்று, 2022-இல் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. டெக்சாஸ் 2023-இல் அதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அந்தக் குறியீடு எந்த வகைக் கடை என்பதை மட்டும்தான் சொல்லும். அங்கே நான் வாங்கியது கூடாரமா தோட்டாவா என்று அதற்குத் தெரியாது. அதற்கு இத்தனை சண்டை. விளம்பரக் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதைப் பற்றி எங்கள் ரேஞ்சில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால் நல்லது. 1963-இல் கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் அந்தத் துப்பாக்கியை சிகாகோ கடை ஒன்றிலிருந்து 21 டாலர் 45 சென்ட்டுக்குப் பொய்ப் பெயரில் தபாலில்தான் வாங்கினான். அதற்கு அப்புறம்தான் 1968 சட்டம். துப்பாக்கியும் தோட்டாவும் மாநிலம் தாண்டி நேராக வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, தோட்டா வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் ஏட்டில் எழுத வேண்டும் என்றார்கள். 1986-இல் தோட்டாவுக்கு மட்டும் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஏடுகளால் குற்றம் கண்டுபிடிக்கப் பெரிய உதவி இல்லை என்று சம்பந்தப்பட்ட மத்தியத் துறையே ஒத்துக்கொண்டது. ஆகவே ஏட்டைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் 1986-இல் இணைய வியாபாரம் இல்லை. 2012-இல் கொலராடோவின் ஆரோரா தியேட்டரில் 12 பேரைக் கொன்றவன் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் தோட்டா வாங்கியிருந்தான். பலியான பெண் ஒருவரின் பெற்றோர் விற்றவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். துப்பாக்கி வியாபாரிகளைக் காக்கும் 2005 சட்டத்தைக் காட்டி வழக்கு தள்ளுபடியானது மட்டுமில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் செலவாக 2 லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பெற்றோர் தலையிலேயே விழுந்தது. 2018-இல் எங்கள் மாநிலத்திலேயே சான்டா ஃபே பள்ளியில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 17 வயது. தோட்டா ஆன்லைனில் வந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21, நீளத் துப்பாக்கிக்கு 18 என்று மத்திய சட்டத்தில் வயது இருக்கிறது. இருந்து என்ன, பல தளங்களில் "எனக்கு 21 ஆகிவிட்டது" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். சான்டா ஃபேயில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் போட்ட வழக்கில் விற்ற கம்பெனி 2023-இல் சமரசம் செய்துகொண்டு, இனி வயதைச் சரிபார்ப்போம் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒரு கம்பெனி.

இதே ஊரில் ஒயின் தயாரிக்கும் இடத்திலிருந்து ஒரு பாட்டில் ஒயின் வரவழைத்தால் 21 வயதான ஆள் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பாட்டில் திரும்பிப் போகும். மருந்துக்கடையில் சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரை வாங்க அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் கையெழுத்து. தோட்டாப் பெட்டிக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றுமில்லை; வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு போனால்கூடக் கேட்க நாதியில்லை.

கலிஃபோர்னியா, நியூயார்க் வழி எனக்குச் சம்மதமில்லை. அங்கே தோட்டா வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற கடைக்குத்தான் வரும், அங்கே பின்னணி சோதனை முடித்துத்தான் தருவார்கள். கலிஃபோர்னியாவில் 2019-இல் அந்தச் சோதனை தொடங்கியதும், வீடு மாறியது, பதிவில் பெயர் வேறு மாதிரி இருந்தது போன்ற காரணங்களுக்கே ஏராளமானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதிவைத்திருக்கும் நம்மவர்களின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது வாசலில் ஒரு கையெழுத்து. டெலிவரிக்காரர் அடையாள அட்டையைப் பார்க்கட்டும், வயதைப் பார்க்கட்டும், பெட்டியைக் கையில் கொடுக்கட்டும். அரசாங்கத்துக்கு ஒரு வரிகூடப் போக வேண்டாம். கூரியருக்குச் சில டாலர் அதிகம் ஆகும், அவ்வளவுதான். அதை நான் கொடுப்பேன். ரேஞ்சில் இதைச் சொன்னால் முறைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிளேனோ, டெக்சாஸ்.

பி.கு: உங்கள் இதழை இங்கே படிப்பவர்களில் எச்-1பி விசாக்காரர்கள் நிறையப் பேர். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருந்தாலும் மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நான் வாங்கும் தளத்தில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பெட்டி பாட்டுக்கு வந்து இறங்கிவிடும். நண்பனோடு ரேஞ்சுக்குப் போகிற ஆசையில் தன் பெயரில் ஆர்டர் போடுவதற்கு முன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.