சட்னியைத் திட்டியவர்களுக்கும் சேர்த்து நன்றி

எங்கள் தெருவின் மேலக்கோடியிலிருந்து கீழக்கோடி வரை இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிகளுக்கும், வெளியிலிருந்து வந்து எங்களுக்காக அலைந்தவர்களுக்கும் தட்டுவடைக் கடைக்காரியின் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைத் திரும்பத் திறந்துவிட்டேன். நேரில் பார்த்தவர்களிடம் வாயால் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் ஐப்பசியில் என் கடைச் சட்னிதான் தெருவையே படுக்கப் போட்டது என்ற பேச்சு ஊர் தாண்டிப் போனது. நடந்தது என்ன என்பதும் அவ்வளவு தூரம் போகட்டும் என்றுதான் மகள் போனில் உட்கார்ந்து எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. உதவியவர்களில் பாதிப் பேர் அரசாங்க வேலையில் இருப்பவர்கள். மீதிப் பேர் "என் பேரை இழுக்காதீங்கக்கா" என்று சொன்னவர்கள்.

எங்கள் ஊர் ஓமலூர்ப் பக்கம், சரபங்கா ஆற்றை ஒட்டி இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: இரண்டு தட்டுவடைக்கு, அதாவது மொறுமொறு தட்டைக்கு, நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு கரண்டி கார சட்னி, ஒரு கரண்டி பச்சை சட்னி. அந்தப் பச்சை சட்னி அடுப்பையே பார்க்காதது. புதினா, மல்லி, பச்சை மிளகாயை அரைத்துத் தண்ணீர் விட்டு இளக்கினால் முடிந்தது. அதனால் மழை விட்ட மூன்றாம் நாள் தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தபோது, எல்லாரும் என் சட்னியைச் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. கடை வாசலில் நின்று ஒரு பெரியவர் "காசு வாங்கிட்டு வெசம் வெக்கிறியா" என்று கேட்டார். எண்ணெய்ச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடக் கடை.

முதல் நன்றி ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு. படுக்கை கிடைக்காதவர்களையும் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கியவர்களைத் திட்டி, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்று பாட்டிலை அளந்து காட்டினார். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லி, நடுவில் வீடு வீடாக வந்து மாத்திரை அட்டையை எண்ணியும் பார்த்தார். கொதிக்க வைத்த தண்ணீரைப் பழைய குடத்தில் ஊற்றி அதற்குள் கையோடு சொம்பை விட்டு மொள்பவர்களைப் பார்த்து, "எதுக்கு கேஸை வீணாக்கறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே கீழக்கோடியில் நாலு வீட்டில் நீளக் காம்பு அகப்பை வந்துவிட்டது.

அடுத்தது சுகாதார ஆய்வாளர் சாருக்கு. அவர் வந்தபோது என் கடைக்குச் சீல் வைக்க வந்திருக்கிறார் என்றுதான் தெருவே கூடியது. சட்னியைப் பற்றிக் கேட்டார், பாத்திரங்களைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். பிறகு ஒரு நோட்டில் எங்கள் தெருவைக் கோடு போட்டு வரைந்து, உடம்பு முடியாத வீடுகளுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே நடந்தார். அத்தனை குறியும் பிள்ளையார் கோயில் வளைவுக்குக் கீழே. வளைவுக்கு மேலே தினமும் என்னிடம் இரண்டு செட் வாங்கித் தின்கிற பையன்கள் திடமாக இருந்தார்கள். கீழே, பல்லில்லாத, தட்டுவடையையே தொடாத ஆயாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கேன் தண்ணீர் வாங்கும் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் வாயைத் திறந்து "சட்னி இல்லை" என்று சொல்லவேயில்லை. நோட்டைத் திருப்பி, என்னைத் திட்டிய பெரியவரிடம் காட்டினார். அவ்வளவுதான்.

அவரிடம் கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். பக்கத்தில் இருக்கும் மஞ்சள் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லிவிடலாம். வீட்டுக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றார். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பிடித்த தண்ணீர் மஞ்சளானது. வளைவுக்கு மேலும் லேசாக மஞ்சள். என் வீட்டில் பிடித்தது நிறமே மாறாமல் நின்றது. "தொட்டியில போட்ட குளோரின் வழியில எதையோ கொல்லப் போயி செலவாயிடுச்சு. வழியில என்ன இருக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

இந்த இடத்தில் ஒருவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அதே வாரம் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க ஒரு டை கட்டின தம்பி வந்தார். பேனா மாதிரி ஒரு மீட்டரை என் குடத்தில் முக்கினார், 310 காட்டியது. 500 வரைக்கும் நல்ல தண்ணீர் என்பது விதி, அதனால் மெஷின் விற்காது. உடனே பையிலிருந்து இரண்டு கம்பி உள்ள ஒரு சாதனத்தை எடுத்து டம்ளரில் விட்டு கரண்ட் கொடுத்தார், தண்ணீர் செம்மண் சாந்து மாதிரி ஆனது. "இதத்தான் குடிக்கிறீங்க" என்றார். அந்தக் கலர் தண்ணீரிலிருந்து வந்ததில்லை, கரண்டில் கரைந்த இரும்புக் கம்பியிலிருந்து வந்தது என்று அரசுப் பள்ளி வேதியியல் டீச்சர் பிற்பாடு சொன்னார். மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். நல்லது என்று அந்த மீட்டர் சொன்ன அதே குடத்துத் தண்ணீர் என்ன செய்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

அந்த டீச்சர் மூன்று சின்ன பாட்டில் கொண்டுவந்தார். உள்ளே மருந்து தோய்த்த ஒரு காகிதத் துண்டு. ஒன்றில் தொட்டித் தண்ணீர், ஒன்றில் டீக்கடைக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் என் குடத்துத் தண்ணீர். கோடு வரை ஊற்றி மூடி, என் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில், கதகதப்பான இடமாக வைத்தார். 24 மணி நேரம், இல்லையென்றால் 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். நான் எங்கே பொறுத்தேன்? ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், தேன் நிறம். காலையில் பால் வாங்கிவிட்டு வந்து பார்த்தேன், ஓரத்தில் புகை பிடித்த மாதிரி. மத்தியானம் என் பாட்டில் மட்டும் கறுப்பு மை. மற்ற இரண்டும் கடைசி வரை நிறம் மாறவில்லை. சாக்கடைக் கிருமிகளோடு சேர்ந்து இருக்கிறவைதான் அப்படிக் கறுப்பாக்கும், ஆனாலும் இது எச்சரிக்கைதான், முடிவு சொல்ல ஆய்வகம் வேண்டும் என்றார் டீச்சர்.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது ஏதோ சீசாவில் பிடித்துப் போகிற வேலை என்று நினைத்திருந்தேன். கிருமி நீக்கிய பாட்டில் அவர்களே தந்தார்கள். குளோரின் இருந்தால் அதை முறிக்க அதற்குள் கொஞ்சம் மருந்து இருக்குமாம், கழுவக் கூடாது. குழாய் வாயைத் தீயில் வாட்டி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே சேலத்தில் சேர்க்க வேண்டும். நாளாக ஆக உள்ளே இருக்கும் கிருமி கூடும், குறையும், கணக்கு மாறிவிடும். பால் பெட்டியில் ஐஸ் போட்டுப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன். என்னைக் கூட்டிப்போன ஆட்டோத் தம்பி, போக வர ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவன் மகளும் அப்போது படுத்திருந்தாள். 100 மில்லி குடிதண்ணீரில் ஈ.கோலி என்கிற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் தண்ணீரில் இருந்தது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

தண்ணீர் எங்கே கெடுகிறது என்று குழாய் ஃபிட்டர் அண்ணன் இரண்டு நாள் தோண்டிப் பார்த்தார். எங்கள் தெருவில் நாள் விட்டு நாள்தான் தண்ணீர், அதுவும் ஒரு மணி நேரம். வீட்டு இணைப்புக் குழாய்கள் பாதிக்கு மேல் சாக்கடைக்குள்ளேயே குறுக்கே போகின்றன. அதை மாற்றச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்திருக்கிறோம், அந்தக் கதை வேறு. இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி, "அக்கா, இதை நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிடறீங்களா?" என்றார்.

2017 வறட்சி ஞாபகம் இருக்கிறதா? மேட்டூர் அணை வற்றி, பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய மாதா கோயிலும் வெளியே தெரிந்த வருடம். தண்ணீர் மேலே ஏறாமல் குழாயில் நூல் மாதிரி சொட்டியது. அப்போது என் வீட்டுக்காரர் வாசலில் மூன்றடிக் குழி எடுத்துக் குழாயை உள்ளே இறக்கி வைத்தார். குடம் நிறைந்தது. மழை வந்தது, அணை நிறைந்தது, அவரும் போய்ச் சேர்ந்தார், குழி மட்டும் இருந்தது. மேலே ஒரு கடப்பாக்கல்லைப் போட்டு மறந்துவிட்டேன். ஐப்பசி மழையில் சாக்கடை வழிந்து அந்தக் குழி நிறைந்திருக்கிறது. குழாய் வாய் அதற்குள் முங்கிக் கிடக்கிறது, வாஷர் தேய்ந்து போயிருக்கிறது. தண்ணீரை நிறுத்தியதும் லைன் வெறுமையாகும். அந்த நேரத்தில் எதிர்வீட்டுத் தம்பி லைனில் நேராக மோட்டார் போட்டு மிச்சத்தை இழுப்பார். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் காற்று வருகிற மாதிரி, என் குழித் தண்ணீர் லைனுக்குள் போயிருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் விடும்போது அதுதான் கீழக்கோடிக்கு முதலில் போய்ச் சேரும். மேட்டூரில் 120 அடி நிற்கிற காவேரித் தண்ணீர் இத்தனை தூரம் வந்து, என் வாசலில் கெட்டுப்போனது.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் நானே சொன்னேன். சட்னி இல்லை, ஆனால் என் குழிதான் என்று. நின்ற இடத்திலேயே ஓடிவிடலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், என்னை வெசம் வெக்கிறியா என்று கேட்ட அதே பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வீட்லயும் குழி இருக்குது" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஏழு குழி. ஏழையும் மூன்றே நாளில் மண் போட்டு மூடி, குழாயைத் தரைக்கு மேல் இரண்டடி தூக்கி வைத்தார்கள். ஃபிட்டர் அண்ணன் சாமானுக்கு மட்டும் காசு வாங்கினார். ஐயா, நீங்கள் திட்டியதையும் மறக்கவில்லை, அந்த ஒரு வரியையும் மறக்க மாட்டேன்.

எதிர்வீட்டுத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, மோட்டார் இல்லாமல் மாடிக்கு ஏறாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் லைனிலிருந்து மோட்டாரைக் கழற்றி, தரைத்தொட்டி கட்டி, அதில் விழுந்த பிறகு ஏற்றுகிறீர்கள். செலவு உங்களுடையது, நிம்மதி எங்களுடையது.

கடைசியாகத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனுக்கு. எல்லாரும் முதலில் என்னையும் அப்புறம் அவரையும்தான் திட்டினார்கள். அவருக்கு யாரும் தராசு கொடுத்ததில்லை. கைப்பிடிக் கணக்கில்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுவந்தார். 1000 லிட்டருக்கு 4 கிராம் என்றால் எங்கள் 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். அதுவும் புதுப் பவுடராக, நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருந்தால்தான் அந்தக் கணக்கு. வாய் திறந்த மூட்டையில் ஈரக்காற்றுப் பட்டால் நாளுக்கு நாள் வீரியம் போய்விடும். கடையில் தட்டுவடை பொட்டலம் நிறுக்கிற சின்னத் தராசை அவரிடம் கொடுத்தேன், மூடி போட்ட டப்பா ஒன்றும். இப்போது வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கிறார். "தண்ணி இன்னிக்கு லேட்டு" என்று கத்துகிறவர்கள் தயவுசெய்து அந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். எனக்கு வேறு தராசு வாங்கியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் முதலில் வந்தது டிரிப்ஸ் ஏறின அந்த ஆயாதான். தட்டுவடையைத் தொடாதவர், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "நொறுக்கல் போடு, நல்லா பொடிச்சுப் போடு" என்றார். பிறகு சட்னிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "தண்ணி?" காலையில் கொதிக்க வைத்து ஆறவிட்ட சில்வர் பானையை மூடி திறந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "சரி, அதுக்காகக் காரத்தக் கொறைச்சிராத" என்றார்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் வளைவு
தட்டுவடைக் கடைக்காரி