துப்பாக்கிப் பெட்டிக்கு எந்தப் பூட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணக் குறிப்புகளில், அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோகிறவர்கள் டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்பு) அங்கீகரித்த பூட்டைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பூட்டை உடைத்துவிடுவார்கள் என்று வந்திருந்தது. சூட்கேஸுக்கு அது நல்ல யோசனை. துப்பாக்கிப் பெட்டிக்கு அதுவே தலைகீழ். வேட்டைக் காலம் நெருங்குகிறது. அதைப் படித்துவிட்டு யாராவது கடைக்குக் கிளம்பும் முன் திருத்தம் வந்துவிட்டால் நல்லது.

விதி, அமெரிக்கக் கூட்டரசு ஒழுங்குவிதித் தொகுப்பில் 49 சிஎஃப்ஆர் 1540.111-இல் இருக்கிறது. பெட்டியை ஒப்படைக்கும் முன் விமான நிறுவனத்திடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது. பெட்டி கெட்டியான ஓடு உள்ளதாக இருக்க வேண்டும். பூட்டியிருக்க வேண்டும், சாவியோ எண்ணோ பயணி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். டிஎஸ்ஏ பூட்டின் கதையோ வேறு. சிவப்பு வைர வடிவ முத்திரை போட்ட டிராவல் சென்ட்ரி வகைப் பூட்டுகளைச் சோதனை அதிகாரிகள் உடைக்காமல் திறக்க 001 முதல் 007 வரை எண்ணிட்ட பொதுச் சாவிகள் உண்டு. 2014-இல் ஒரு பெரிய நாளிதழில் அந்தச் சாவிக்கொத்தின் படம் வெளியானது. 2015-இல் அந்தப் படத்தை வைத்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் கோப்புகள் இணையத்தில் பரவின. இன்று யார் வேண்டுமானாலும் ஒரு கொத்து வாங்கிவிடலாம். துணிமணிக்கு அந்தப் பூட்டு போதும். துப்பாக்கிக்கு எப்படிப் போதும்?

டிஎஸ்ஏ தன் வலைப்பக்கத்தில், துப்பாக்கிப் பெட்டிக்கு எந்த நிறுவனத்தின் எந்த வகைப் பூட்டும் போடலாம், தன் அங்கீகாரம் பெற்ற பூட்டும் அதில் அடக்கம் என்கிறது. ஆகவே டிஎஸ்ஏ பூட்டைப் போட்டதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சாதாரணப் பூட்டைப் போட்டதற்காகவும் கூடாது. ஆனால் செக்-இன் கவுன்ட்டரில் இருக்கும் ஊழியர் எல்லோருக்கும் இது தெரியும் என்று நம்ப முடியாது. அந்தப் பக்கத்தையும், நீங்கள் பறக்கும் நிறுவனத்தின் துப்பாக்கிப் பக்கத்தையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும்.

பூட்டை விடப் பெட்டிதான் முதலில் தோற்கும். துப்பாக்கி வாங்கும்போது கூடவே வரும் பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் தேறாது. டிஎஸ்ஏயே அதை எச்சரிக்கிறது. சோதனை எளிது. பெட்டியைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு மூலையிலும் மூடியை விரலால் நெம்பிப் பாருங்கள். விரல் உள்ளே போனால் அந்தப் பெட்டி வேண்டாம். பூட்டு மாட்ட இரண்டு துளை உள்ள பெட்டியில் ஒரு பூட்டு மட்டும் போட்டால் மறு மூலை வாயைப் பிளக்கும். நீள ரைஃபிள் பெட்டியில் நான்கு துளை இருந்தால் நான்கிலும் பூட்டு. எல்லாத் துளையிலும் போட வேண்டும் என்று ஒழுங்குவிதியில் வரி இல்லை. துப்பாக்கியைக் கை எட்டவே கூடாது என்பதுதான் கேள்வி. காலியாக ஒரு துளை தெரிந்தால் கவுன்ட்டரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இனி பூட்டு. கடைக்குப் போகும் முன் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். டிரில் பிட் ஒன்றைச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல பெட்டிகளில் கால் அங்குல, அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பருமனுள்ள பூட்டுக் கம்பி (பூட்டின் வளைந்த கொக்கி) தாராளமாக நுழையும். துளையில் நுழைகிற கம்பிகளில் பருமனானதை எடுங்கள். கம்பியின் உயரம் குறைவாக இருக்கட்டும். கம்பி நீண்டு பூட்டு தொங்கி ஆடினால் கன்வேயர் பட்டையில் சிக்கும், நெம்புகோல் வைக்கவும் இடம் கிடைக்கும். பூட்டின் உடல் கைப்பிடியிலோ சக்கரத்திலோ இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே கம்பியைப் பிடித்திருப்பது என்ன என்பது அடுத்தது. மலிவான பூட்டுகளில் வில் வைத்த சிறு நாக்குதான் பிடித்திருக்கும். மெல்லிய தகரத் துண்டைக் கம்பியோரம் நுழைத்துத் திருகினால் அது விலகிவிடும். எஃகுக் குண்டுகள் இரு பக்கமும் கம்பியைப் பிடிக்கும் பூட்டில் இந்த வித்தை பலிக்காது. அமெரிக்கன் லாக் நிறுவனத்தின் 1100 வரிசை இந்த இனம்: அலுமினிய உடல், எடை குறைவு, கால் அங்குலக் கம்பி. அதே தரத்தில் வேறு நிறுவனப் பூட்டு கிடைத்தாலும் சரி. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும்படி கேட்டு வாங்குங்கள். நான்கு பூட்டுக்கு நான்கு சாவி என்றால் கவுன்ட்டரில் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பூட்டினால்தான் சாவி வெளியே வரும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பூட்ட மறந்து நகர முடியாது.

நம்பர் பூட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. மூன்று சக்கரம் என்றால் ஆயிரம் எண்கள்தான்; பொறுமைசாலி ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடுவார். திறந்திருக்கும்போது எண் மாற்றும் நெம்பு தெரியாமல் அழுந்தி, உங்களுக்கே தெரியாத எண் பதிவாகிவிடுவதும் நடக்கிறது. சாவிப் பூட்டில் உள்ள ஒரே ஆபத்து சாவி தொலைவது. ஒன்று உங்கள் சட்டைப்பையில், மற்றொன்று உங்கள் கைப்பையில். மாற்றுச் சாவியைச் செக்-இன் பெட்டிக்குள் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

காற்றுப் புகாத பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய மாதிரிகளில் அழுத்த வால்வைக் கையால் திறந்துவிட வேண்டும். மறந்தால், உயரே பறந்து இறங்கியபின் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பூட்டு திறக்கும், பெட்டி திறக்காது. பலர் அப்போது பூட்டைத்தான் திட்டுவார்கள்.

கைத்துப்பாக்கியைச் சிறு பூட்டுப் பெட்டியில் வைத்து அதைச் சூட்கேஸுக்குள் வைக்கலாம். வெளிச் சூட்கேஸுக்கு டிஎஸ்ஏ பூட்டு, உள்பெட்டிக்குச் சாதாரணப் பூட்டு. இரண்டையும் மாற்றிப் போட்டால்தான் உடைப்பு. உள்பெட்டியை எஃகு வடத்தால் சூட்கேஸின் சட்டத்தோடு பிணைத்துவிட்டால் யாரும் அதைத் தனியே தூக்கிப் போக முடியாது. கவுன்ட்டரில் கையெழுத்திடும் அறிவிப்புச் சீட்டை எங்கே வைப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் உள்ளே துப்பாக்கி என்று காட்டும் சீட்டை வெளியே ஒட்டச் சொல்லக் கூட்டரசுச் சட்டம் (18 யுஎஸ்சி 922) தடை போட்டிருக்கிறது. ஒப்படைத்த பிறகு உடனே பாதுகாப்பு வரிசைக்கு ஓட வேண்டாம். சோதனை முடிந்தது என்று சொல்லும்வரை பக்கத்திலேயே இருங்கள். திறக்க வேண்டுமென்றால் உங்களைத் தேடுவார்கள்; ஆள் அகப்படாவிட்டால் பெட்டி விமானம் ஏறாமல் நின்றுவிடலாம்.

தோட்டா செக்-இன் பெட்டியில் மட்டும்; கைப்பையில் ஒன்றுகூடக் கூடாது. தோட்டாவுக்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும். டிஎஸ்ஏ அதற்குத் தனிப் பூட்டு கேட்பதில்லை. துப்பாக்கி இருக்கும் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். பல நிறுவனங்களின் வரம்பு 5 கிலோ. 9 மி.மீ. தோட்டா 50 கொண்ட பெட்டி சுமார் 600 கிராம். எட்டு பெட்டி தாங்கும். 12 கேஜ் ஷாட்கன் தோட்டா 25 கொண்ட பெட்டி ஒரு கிலோவைத் தாண்டும். நான்காவது பெட்டியிலேயே தராசு தேவைப்படும். நாடு தாண்டினால் விதி மாறிவிடும்: துப்பாக்கியும் தோட்டாவும் வேறு வேறு பெட்டியில் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. இந்தியாவுக்குப் பறப்பவர்களுக்கு 1959 படைக்கலச் சட்டம் தனி விஷயம்; இந்தக் கடிதம் அதற்கு உதவாது.

பூட்டு சரியாக இருந்தும் சிக்கியவர் ஒருவர் உண்டு. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன பயணி, நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். காலையில் கவுன்ட்டரில் ஒழுங்காக அறிவித்தார். நியூஜெர்சி சட்டப்படி கைதானார். இரவில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் மாநிலம் கடப்போருக்கான கூட்டரசுப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூயார்க், நியூஜெர்சி வழியில் நடுவில் பெட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விமான நிறுவனத்திடமே இருக்கட்டும்.

இறங்கும் இடத்தில் டெல்டா போன்ற சில நிறுவனங்கள், பெட்டியைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, சுழல் பட்டையில் விடாமல் லக்கேஜ் அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துத்தான் தருகின்றன. பட்டையை வெட்டச் சிறு கத்தரி வேண்டும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தரியைக் கைப்பையில் கொண்டுபோக டிஎஸ்ஏ அனுமதிக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகு வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹியூஸ்டன், டெக்சஸ்