ரங்கோலிப் போட்டியில் புள்ளிக் கோலத்துக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளியை ஒட்டி, காட்பாடியில் என் பேத்தி படிக்கும் பள்ளியில் ரங்கோலிப் போட்டி வைத்தார்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டிருந்ததால் நானும் போனேன். முதல் நாள் மழையில் மைதானம் சேறாகிவிட்டது, அதனால் வராந்தாவில்தான் போட்டி. வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய கலர்ப்பொடியோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மயிலும் குத்துவிளக்கும் போட்டதைப் பார்க்க மனசு நிறைந்தது. பையன்களும் போட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் பேத்தி ஐந்தாம் வகுப்பு. அவள் கொண்டுபோனது ஒரு டப்பா அரிசி மாவு மட்டும்தான். நடு வரிசையில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 1 வரை குறையும் நேர்ப்புள்ளிக் கோலம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எடுத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைத்து வளைத்து வந்து, ஒவ்வொரு இழையையும் தொடங்கிய இடத்திலேயே சேர்த்தாள். பார்க்க வந்த நடுவர், “இது ரங்கோலிப் போட்டிம்மா, கோலப் போட்டி இல்லையே” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். குழந்தை ஒன்றும் பேசவில்லை. வீடு வரும்வரை டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தாள்.

கலர் ரங்கோலி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் வாசலில் விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் போடுவது புள்ளிக் கோலம்தானே? அதற்குப் பள்ளியில் இடமில்லை என்றால் பிள்ளைகள் வேறு எங்கே கற்றுக்கொள்வார்கள்? 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்து 25 புள்ளி வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல கணக்குப் பாடம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலத்தின் அமைப்பைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பாட்டிகள் கையால் போட்டதைத்தான் அவர்கள் படித்தார்கள்.

அடுத்த தீபாவளிக்குப் பள்ளிகள் போட்டி அறிவிக்கும்போது, புள்ளிக் கோலத்துக்கென்று தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவும் அதிகமில்லை, மாவு வீட்டிலேயே இருக்கிறது. சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் வேலூர் சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பேத்தியும் கூட வருவதாகச் சொல்கிறாள்.

– ஒரு வாசகி, காட்பாடி