கடை ரவுட்டர் ஃபயர்வோல் (வெளிய இரிந்து வாறதத் தடுக்கிற காவல்), எல்லாரும் ஒருக்கா பாருங்க

அண்ணாமார் நானாமார், கல்முனையில பில்லிங் கம்பியூட்டரும் கமரா பெட்டியும் வச்சிரிக்கிற எல்லாருக்கும்தான் இது. வீட்ட இரிந்து கடையப் பாக்கோணும் எண்டு 3389, 3306 போர்ட்டெல்லாம் (போர்ட் எண்டா உள்ளுக்கு வாற வாசல் நம்பர்) வெளிய திறந்து விட்டிரிக்கிற ஆக்கள் இண்டைக்கே மூடுங்க, முதலாவது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப், மத்தது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், ரெண்டையும் தேடி ஹேக்கர்மார் ஸ்கேன் பண்ணிக்கிட்டே இரிக்கிறானுகள், நம்பர மாத்தி வச்சாலும் புடிச்சிருவானுகள். பாக்கத்தான் வேணுமெண்டா விபிஎன் (வீட்டுக்கும் கடைக்கும் இடையில பூட்டின தனி வழி) போடுங்க. ரவுட்டர்ல யூபிஎன்பி ஓன்ல கிடந்தா அதையும் ஓஃப் பண்ணுங்க, கேக்காமலே போர்ட் திறக்கிற சாமான் அது.

மைக்ரோட்டிக் ரவுட்டர் வச்சிரிக்கிற ஆக்கள் கவனம். ஃபயர்வோல் ரூல மேல இரிந்து கீழதான் வாசிக்கும், அக்செப்ட்டோ (விடுறது) டிரொப்போ (தடுக்கிறது) முதல்ல பொருந்தினதோட நிண்டிரும், அதால எஸ்டாப்ளிஷ்ட் ரிலேட்டட் (ஏற்கனவே தொடங்கின கனெக்‌ஷனும் அதோட சேந்ததும்) அக்செப்ட் மேல, லேன்ல (கடைக்குள்ள நெட்வேர்க்) இரிந்து வாறத அக்செப்ட் பண்றது அதுக்குக் கீழ, மிச்சமெல்லாம் டிரொப் ஆகக் கடைசியில. இன்புட் செயின் எண்ட ரூல் வரிசை ரவுட்டருக்கு மட்டும்தான், உள்ளுக்கு இரிக்கிற கம்பியூட்டர் கமராவக் காப்பாத்துறது ஃபோர்வேர்ட் செயின், கனபேர் இதத்தான் விட்டிர்ராங்க. டிரொப்ப மேல போட்டா நீங்களே ரவுட்டருக்குள்ள போகேலாது, சேஃப் மோட ஓன் பண்ணிட்டு மாத்துங்க, லைன் அறுந்தா பழையபடி வந்திரும். வின்பொக்ஸ் (மைக்ரோட்டிக்க செட் பண்ற மென்பொருள்) போர்ட் 8291 வெளிய தெரியவே கூடாது, 2018ல அந்த ஓட்டையாலதான் எத்தனையோ ரவுட்டர் பறிபோனது, மறுகா அப்டேட்டும் போடுங்க.

விளங்காட்டி ரூல் ஸ்கிரீன்ஷொட் இங்க போடுங்க, பப்ளிக் ஐபிய (இன்டர்நெட்ல உங்கட கடைட விலாசம்) மறைச்சிட்டு.