அந்தி வானக் கோள்களின் உண்மைப் படங்களுக்கும் நாளிதழில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கோள்களின் அணிவகுப்பு' என்ற தலைப்பில் அவ்வப்போது ஊடகங்களில் வரும் செய்திகளையும், அவற்றோடு சேர்த்துப் போடப்படும் படங்களையும் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தப் படங்களில் வளையம் சூழ்ந்த சனியும், பட்டைகள் தெரியும் வியாழனும், சிவந்த செவ்வாயும் கோலிக்குண்டுகளை அடுக்கியதுபோல ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை கணினியில் வரையப்பட்டவை என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அதை நம்பிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும் பெற்றோர், நாலைந்து ஒளிப்புள்ளிகளை மட்டும் கண்டு ஏமாந்து இறங்குகிறார்கள். அந்தப் புள்ளிகளையே தங்கள் கையிலுள்ள கைபேசியால் நன்றாகப் படம் எடுக்கலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

2025 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். அம்மாதம் 10-ஆம் தேதி வெள்ளி சூரியனிலிருந்து 47 பாகை விலகி, மாலை வானில் தான் எட்டக்கூடிய அதிகபட்சத் தொலைவில் இருந்தது. 16-ஆம் தேதி செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, சூரியன் மறையும் வேளையில் கிழக்கில் எழுந்தது. 18-ஆம் தேதி வெள்ளியும் சனியும் மேற்கில் சுமார் 2 பாகை இடைவெளியில், அதாவது கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அளவுக்குள், சேர்ந்து நின்றன. வியாழன் கிழக்கில் உயரத்தில் ஒளிர்ந்தது. நான்கு கோள்களையும் வெறுங்கண்ணால் ஒருசேரப் பார்க்க முடிந்த அருமையான மாதம் அது. ஆனால் மாத நடுவில் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஏறக்குறைய 130 பாகை தொலைவு இருந்தது. கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகலவாக்கில் ஏறக்குறைய 70 பாகையைத்தான் பிடிக்கும். ஆகவே நான்கும் நெருங்கி நிற்பதாக வந்த படம் எதுவும் நம் வானத்தில் எடுத்ததாக இருந்திருக்க முடியாது. கோள்கள் ஒரே கோட்டில் தெரிவதும் அபூர்வம் இல்லை. அவை சூரியனை ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுவதால், வானில் எப்போது தெரிந்தாலும் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே தெரியும்.

அதே செய்திகளில் யுரேனஸும் நெப்டியூனும் கண்ணுக்குத் தெரியும் என்ற தொனியும் இருந்தது. யுரேனஸை மிக இருண்ட வானில் பழகிய கண்தான் காணும். நெப்டியூனுக்குத் தொலைநோக்கி வேண்டும். யுரேனஸின் வளையங்களோ, 1977 மார்ச் 10 அன்று அக்கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோதுதான் வெளிப்பட்டன. அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களுள் ஜவ்வாது மலையிலுள்ள நம் காவலூர் வானாய்வகமும் ஒன்று. நாளிதழ்கள் யுரேனஸைப் பற்றி எழுதும்போது, வரைந்த படத்தைப் போடுவதற்குப் பதில் இந்தச் செய்தியைச் சேர்த்தால் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்படும்!

கொல்லைப்புறத்தில் நின்று எதை எடுக்க முடியும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அந்திப் பொழுது குறுகியது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் வானம் விரைவில் இருட்டிவிடும். ஆகவே நல்ல படத்துக்கான நேரமும் குறைவு. பொங்கல் சமயத்தில் தென் மாவட்டங்களில் சூரியன் 6.20 மணியளவில் மறைகிறதென்றால், 6.50 முதல் 7.05 வரை வானம் அடர்நீலமாக இருக்கும். தென்னை மட்டையும் வீட்டு ஓடும் கருநிழலாகத் தெரிய, நடுவே வெள்ளி ஒளிரும் படத்தை அப்போதுதான் எடுக்க வேண்டும். கைபேசிக் கேமராவை 'புரோ' முறைக்கு (அளவுகளை நாமே அமைக்கும் முறை) மாற்றி, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவு) 400-ல் வைத்து, ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் திறப்பு) ஒரு நொடி திறந்தால் போதும். தானாகக் குவியம் தேடும் வசதியை அணைத்துவிட்டு, குவியத்தை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில், நிறுத்த வேண்டும். முக்காலி இல்லாதவர்கள் கைபேசியைத் துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு மணல் பையில் சாய்த்து வைக்கலாம். விரல் பட்டால் படம் அசையும் என்பதால் 3 நொடி டைமர் அவசியம். தை, மாசியில் பனி இறங்கி லென்ஸில் படியும். அதைத் துடைக்காமல் எடுத்தால் கோளைச் சுற்றி மங்கலான வட்டம் விழும்.

வெள்ளியையும் சனியையும் ஒரே படத்தில் கொண்டுவருவது கொஞ்சம் கடினம். அந்த ஜனவரி மாலையில் வெள்ளியின் ஒளி சனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு அதிகம். சனி தெரியும்வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் வெள்ளி பூதாகரமாக வெளுத்துவிடும். அந்த வேறுபாட்டை அப்படியே காட்டும் படமே நேர்மையான படம் என்பது என் கருத்து.

300 மி.மீ. லென்ஸ் பொருந்திய கேமரா வைத்திருப்பவர்கள் இன்னும் மேலே போகலாம். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் கால் நொடி முதல் அரை நொடி வரையிலான ஷட்டர் நேரத்தில் புள்ளிகளாக விழும். அடுத்த நாள் எடுத்தால் இடம் மாறியிருக்கும். வெள்ளி பூமியை நெருங்கும் வாரங்களில், 2025 மார்ச் தொடக்கத்தில் போல, அதன் பிறை வடிவம் அதே லென்ஸில் தெளிவாகப் பதிவாகும். சூரியன் முழுவதும் மறைந்த பிறகே லென்ஸை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வளையமும் பட்டைகளும் வேண்டுமென்றால் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, காணொளியாக எடுத்து, அதிலுள்ள தனித்தனிப் படங்களில், அதாவது சட்டகங்களில், காற்றின் அசைவு குறைந்தவற்றை மட்டும் பொறுக்கிக் கணினியில் ஒன்றாக்குவார்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுவதால், நீண்ட காணொளி எடுத்தால் பட்டைகள் கலங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொள்வார்கள். பல சட்டகங்களைச் சேர்த்த படம்தான் இது. ஆனால் ஒவ்வொரு சட்டகமும் வானிலிருந்து வந்தது. எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லி வெளியிடும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நகரத்து விளக்கு வெளிச்சம் இதற்குப் பெரிய தடையாக இருக்காது. விண்மீன் கூட்டங்களை மறைத்துவிடும் அந்த வெளிச்சத்திலும் வெள்ளியும் வியாழனும் மறைவதில்லை. எங்கள் தென்காசியில் மலைதான் தடை: மேற்கே தாழ்வாக நிற்கும் புதனை அது மறைத்துவிடுகிறது, உயரமாக நிற்கும் வெள்ளியைத் தாராளமாகக் காட்டுகிறது.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு உதவிகள். நாள்தோறும் பஞ்சாங்கப் பகுதியில் சூரிய உதய, அஸ்தமன நேரங்களைத் தருகிறீர்கள். கோள்கள் நிற்கும் ராசிகளையும் தருகிறீர்கள். சூரியன் நிற்கும் ராசிக்கு அடுத்தடுத்த ராசிகளில் உள்ள கோள்கள் மாலையில் மேற்கிலிருந்து வரிசையாகத் தெரியும். ஏழாம் ராசியில் உள்ளது அந்தியில் கிழக்கில் எழும். 2025 தை மாதத் தொடக்கத்தில் சூரியன் மகரத்திலும், வெள்ளியும் சனியும் கும்பத்திலும், வியாழன் ரிஷபத்திலும், செவ்வாய் கடகத்திலும் இருந்தன. வானத்திலும் அவை அதே வரிசையில்தான் நின்றன. இன்று மாலை எந்தக் கோள் எந்தத் திசையில் எத்தனை மணி வரை தெரியும் என்ற ஒரு வரியை அந்தப் பகுதியின் அடியில் சேர்க்க வேண்டுகிறேன்.

இரண்டாவதாக, இனி இத்தகைய செய்தி வரும்போது வரைந்த படங்களைத் தவிர்த்து, வாசகர்கள் தங்கள் மாடியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். பள்ளி மாணவர்கள் கைபேசியில் எடுத்த படங்களுக்கு முதலிடம் தருவது நல்லது. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த ஊர், தேதி, நேரம், ஷட்டர் நேரம், அது ஒரே முறை எடுத்ததா அல்லது பல படங்களைச் சேர்த்ததா என்ற விவரம் இருக்க வேண்டும். வரைந்த படத்தைப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், 'கற்பனைப் படம்' என்று தெளிவான எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தென்காசி.