விரலில் காந்தம்: கயலுக்கு அப்பா எழுதுவது

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள கயல்,

பக்கத்தில் கரண்ட் ஓடுவதை விரலாலேயே உணரலாம், அதற்காக மோதிர விரல் நுனியில் தோலுக்குள்ளே காந்தம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நீ ஜெர்மனியிலிருந்து போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் இல்லை கண்ணு. எனக்கு நம் பட்டறை க்ரௌலர், மோட்டார் சுருளில் ஷார்ட் தேடுகிற அந்த மின்காந்தம், ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு ஏழு வயது இருக்கும். மறுபடி கம்பி சுற்ற ரீவைண்டிங்குக்கு வந்த ஆர்மேச்சரை, மோட்டாருக்குள் சுழல்கிற சுருளை, க்ரௌலரில் ஏற்றி, ஆக்சா பிளேடை உன் கையில் கொடுப்பேன். ஸ்லாட் ஸ்லாட்டாக நகர்த்திக்கொண்டே வருவாய். ஷார்ட் ஆன இடம் வந்ததும் பிளேடு கிர்ரென்று துடிக்கும். "அப்பா, இங்கே!" என்று கத்துவாய். கண்ணுக்குத் தெரியாததைக் கையால் கண்டுபிடிக்கிற ருசி அன்றைக்கே உனக்கு ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியிலும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்தான், நொடிக்கு ஐம்பது அலை. மைக்ரோவேவ் ஓவன் பக்கம் கை போனால் காந்தம் அந்தத் தாளத்துக்கு ஆடும், விரல் நுனி நரம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நீ சொன்னது நிஜம்.

அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சிலதைக் கேட்டுவிட்டுச் செய்.

இதற்கு வைக்கிற நியோடிமியம் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு. மேல்பூச்சு கீறினால் ஈரம் பட்டுப் பொடியாகிவிடும். உடம்புக்குள் எந்நேரமும் ஈரம்தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிக்கல் பூச்சு. எட்டாம் வகுப்பில் கவரிங் தோடு போட்டு உன் காது சீழ் வைத்ததே, அது நிக்கலால்தான் என்று டாக்டர் சொன்னார், மறக்காதே. டைட்டானியம் நைட்ரைடோ பாரிலீனோ பூசி, உடம்புக்குள் வைப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்றும் கேள். சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினாலே பலம் இழக்கும். நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் 121 டிகிரி. "ஆட்டோகிளேவில் போட்டு எடுப்போம்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் காந்தம் தெரியாது, எழுந்து வந்துவிடு.

வைக்கிற இடம் இடது கை, விரல் நுனியின் பக்கவாட்டில். பொருளைப் பிடிக்கும்போது அழுந்துகிற நடுப்பகுதியில் வேண்டாம். காது மூக்கு குத்துகிற கடைக்காரர்கள் பல ஊர்களில் மரப்பு ஊசி போடக் கூடாது, ஐஸ் வைத்துத்தான் கீறுவார்கள். வலியை நீ தாங்குவாய், தெரியும். பிறகு விரல் வீங்கி, நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால், நகச்சுத்திக்குச் செய்வது போல எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டு உட்காராதே. அன்றைக்கே ஆஸ்பத்திரி போ. சீழ் விரலை மடக்குகிற தசைநாணின் உறைக்குள் இறங்கினால் விரல் மடங்காமலே போய்விடலாம்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. போன மாதம் அம்மாவுக்கு முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தாலி, தோடு, ஊக்கு எல்லாம் கழற்றியாகிவிட்டது. மெட்டி மட்டும் வரவில்லை. முப்பது வருட மெட்டி. அங்கிருந்த பெண் கீழே உட்கார்ந்து, சோப்பு நுரை தடவி, திருகித் திருகி இருபது நிமிடத்தில் எடுத்தாள். விரலில் வெள்ளையாக ஒரு வளையம். அது வெறும் வெள்ளி. உன்னுடையது காந்தம், தோலுக்கு உள்ளே. 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். அதன் கிட்டே போனால் காந்தம் தோலைக் கிழித்துக்கொண்டு வரப் பார்க்கும். சைக்கிளில் விழுந்து நீ மயக்கமாகக் கிடந்தால் யார் சொல்வது? பர்ஸில் ஒரு அட்டை எழுதி வை, எந்த விரல் என்று. அதைவிட முக்கியம், வைப்பதற்கு முன்னாலேயே எடுக்கப் போகிறவர் யார் என்று பார்த்து வை. வைக்கிறவருக்கு எடுக்கவும் தெரிய வேண்டும், இல்லையென்றால் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு சர்ஜன் சொல்ல வேண்டும். இது இரண்டும் இல்லாமல் கையை நீட்டாதே, கண்ணு.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு மாதம் சின்னக் காந்தம் ஒன்றை மைக்ரோபோர் டேப்பில் விரலோடு ஒட்டிக்கொண்டு நடமாடிப் பார். பேஸ்மேக்கர் வைத்தவர் நெஞ்சுப் பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோகாதே. பெரியப்பாவுக்கு இருக்கிறது.

க்ரௌலரைத் துடைத்து, வயர் மாற்றி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது டேப்போடு வா. ஷார்ட் ஆன ஆர்மேச்சர் ஒன்றை உனக்காகக் கட்டாமல் வைத்திருக்கிறேன். நீ விரலால் தேடு, நான் பிளேடால் தேடுகிறேன்.

அப்பா